விசேஷம் ஒன்றும் இல்லை

12 செப்டம்பர் 2024, வியாழன்

காலை பாசஞ்சரில் இன்றும் அதே கேள்வி. கேட்டவள் யாரென்றுகூடத் தெரியாது. எதிர் சீட்டில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, "கல்யாணம் கழிஞ்சு எத்தனை வருஷம் மக்களே? விசேஷம் ஒண்ணும் இல்லியா?" நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் என் கர்ப்பப்பை வரைக்கும் வந்துவிட்டாள். பாலராமபுரத்தில் ஒரு டாக்டர் பெயர் சொன்னாள். நேமத்தில் தன் மருமகளுக்கு எந்தக் கஷாயம் பலித்தது என்று விவரித்தாள். திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கும்போது எனக்காக ஜெபிப்பதாகச் சொல்லி என் கையைப் பிடித்தாள். கையெல்லாம் சட்னி.

பிள்ளை வேண்டாம் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. இப்போது வேண்டாம். அவ்வளவுதான். அஜீஷ் என்னைப் பெண் பார்க்க வித்துராவில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா காப்பி போடுகிற இடைவெளியில் நானே சொல்லிவிட்டேன். போனக்காடு எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள் நான். காட்டைப் பார்த்தால் எனக்கு வீடு மாதிரி இருக்கும். வனத்துறை வேலைக்கு கேரள பி.எஸ்.சி. தேர்வு எழுதப் போகிறேன், அது கிடைத்து, பயிற்சியும் முடிந்த பிறகுதான் பிள்ளை, சம்மதமா? "சம்மதம்" என்றார். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதற்காகத்தான் கட்டிக்கொண்டேன்.

எழுத்துத் தேர்வு தேறிவிட்டேன். இனி உடல்தகுதித் தேர்வு. ஓட்டம், உயரம் தாண்டல், குண்டு எறிதல், கயிறு தாண்டல். ஜனவரியில் இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு இருபத்தொன்பது. இதை விட்டால் அடுத்த முறை விண்ணப்பம் கேட்கும்போது வயது கடந்திருக்கும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் உயரம் தாண்ட முடியாது. இதில் புரியாதது என்ன? எதற்காக எல்லோருக்கும் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது இதைப் புரிந்துகொள்ள?

20 செப்டம்பர், வெள்ளி

வேலையிலிருந்து வந்ததும் பின்முற்றத்தில் கயிறு தாண்டினேன். நாள் முழுக்க பழவங்காடியில் பாத்திரக்கடை கவுண்டரில் உட்கார்ந்து பில் போட்டுவிட்டு வந்து குதித்தால் முழங்கால் கெஞ்சுகிறது.

மாமி, அஜீஷின் அம்மா, அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "குதிச்சது போதும் பிள்ளே. கர்ப்பப்பை எறங்கிப் போவும்."

"எறங்கி எங்க போவும் மாமி? சந்தைக்கா?"

மாமி உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து நான் குதிக்கிற மண்ணில் ஊற்றிவிட்டுப் போனாள். சேறு. நான் துவைகல் பக்கம் சிமெண்டுத் தரைக்கு மாறிக்கொண்டேன். இன்னும் சத்தமாகக் கேட்டது. கேட்கட்டும்.

அண்டை வீட்டில் இப்போது பேச்சு என்ன தெரியுமா? பிள்ளை தங்கிவிடக் கூடாது என்றுதான் ஷிஜி தினமும் குதிக்கிறாளாம்.

30 செப்டம்பர், திங்கள்

தள்ளிப் போகிறது. இதுவரை இப்படி ஆனதில்லை.

அந்த ஒரு தடவைதான். ஆணுறை வாங்கிவைப்பது அவர் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவைத்தது. "மறந்துட்டேன் ஷிஜி, ஸாரி" என்றார். மறதிதானே, யாருக்கும் வரும். ஆனாலும் — கர்த்தாவே, இப்பம் வேண்டாம். ஜனவரி வரைக்குமாவது.

3 அக்டோபர், வியாழன்

இல்லை! டெஸ்டில் ஒற்றைக் கோடு!

குளியலறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தேன். அஜீஷ் சிரிக்கவில்லை. "நல்லாப் பாத்தியா?" என்று குச்சியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவம், என்னைவிட அவர்தான் பயந்து போயிருந்தார் போலிருக்கிறது. சாப்பிடாமலே வேலைக்குப் போனார்.

6 அக்டோபர், ஞாயிறு

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதினாலாவது அடங்குமா பார்க்கிறேன்.

ஆராதனையில் விண்ணப்ப ஜெப நேரம். சபைச் செயலாளர் சத்தியதாஸ் மைக்கில் வழக்கம்போல ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். முழங்கால் ஆபரேஷன் செய்தவருக்காக. துபாய் விசா கிடைக்காத பையனுக்காக. காணாமல் போன பசுவுக்காகக்கூட. அப்புறம், அதே குரலில், "கர்ப்பத்தின் கனிக்காகக் கண்ணீரோடே காத்திருக்கும் அஜீஷ், ஷிஜி தம்பதிக்காக."

கண்ணீரோடேயாம்!

சபை முழுக்க ஆமென் என்றது. முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்காக. நான் எழுந்து நின்று "யாருக்கும் கண்ணீர் இல்லை, எனக்கு வேலைக்குப் போகணும்" என்று கத்தியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

எங்கள் சபையில் இந்தப் பட்டியலில் ஒரு தடவை பெயர் வந்தால், பிறந்து முடியும் வரைக்கும் வந்துகொண்டேதான் இருக்கும். வீட்டிலிருந்து யாராவது போய்ச் செயலாளரிடம் சொன்னால்தான் ஏறும். வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "மாமி, எங்க பேரை யாரு குடுக்கச் சொன்னது?"

"நான் குடுக்கல்ல."

"பொய் சொல்லாதீங்க. கோயிலுக்குப் போய்ட்டு வந்த வாயி."

மாமி முகம் சிவந்துவிட்டது. "ஏ பிள்ளே, உன்னைப் பேச எனக்கு சத்தியதாஸு எதுக்கு? நான் சொன்னா சொன்னேன்னு சொல்லுவேன். உன் முகத்துக்கு நேரே சொல்லுவேன். இந்த ராகேலு ஒளிச்சு ஒண்ணும் செய்யமாட்டா."

நம்புவேனா? தண்ணீர் ஊற்றினவள்தானே. இனிமேல் இந்த வீட்டில் உங்களோடு எனக்குப் பேச்சில்லை என்று சொல்லிவிட்டேன். அஜீஷ் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அம்மா அப்படித்தான். விட்டுரு ஷிஜி" என்றார்.

9 அக்டோபர், புதன்

வித்துராவுக்குப் போன் செய்து அம்மாவிடம் அழுதேன். "ஜெபிச்சா என்னடி குறைஞ்சு போச்சு?" என்கிறாள். அவளும் அந்தப் பக்கம்தான்.

20 அக்டோபர், ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தோழி லிபியோடு பள்ளி மைதானத்தில் ஓடினேன். அவளும் அதே தேர்வுதான். அவளுக்கு ஐந்து வயதில் பெண் இருக்கிறாள்.

என் புலம்பலெல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு இருபத்திமூணுல வேணும்னு தோணிச்சு, பெத்தேன். இப்பம் அவ ஸ்கூலுக்குப் போறா, நான் ஓடுறேன். நீதான் எல்லாத்தையும் தலைகீழா வச்சிருக்கே. முப்பத்தாறுல டாக்டர் வாசல்ல நிக்கும்போ என்னை விளிக்காதே, கேட்டோ" என்றாள். மூச்சு வாங்காமல் சொன்னாள், அதுதான் இன்னும் எரிச்சல்.

உன் நேரத்தை நீ பார்த்தாய், என் நேரத்தை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு சுற்று தனியாக ஓடினேன். ஓடும்போது ஒரு யோசனை. எனக்கு நிஜமாகவே பிள்ளை வேண்டுமா? "பிறகு" என்று நான் சொல்வது பிறகுதானா, இல்லை வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்கிறேனா? யோசிக்கவே விடமாட்டேன் என்கிறார்களே. நாலு பக்கமும் தள்ளிக்கொண்டு இருந்தால், விழாமல் நிற்பதைத் தவிர வேறு எதை யோசிப்பது?

2 நவம்பர், சனி

மாமியோடு இன்னும் பேச்சில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் கோழிகளிடம் சொல்கிறாள். "சிலருக்குக் குழம்புல உப்பு போதாதாம், சொல்ல வாயில்லை." நான் அஜீஷைப் பார்த்து உப்பு கேட்கிறேன். நடுவில் அவர் குனிந்து சாப்பிடுகிறார். ஒரு மாதமாக இதுதான் வீடு.

17 நவம்பர், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று அறுப்பின் பண்டிகை. மாமிக்காக இல்லை, அஜீஷ் கெஞ்சினதால் போனேன். ஆராதனை முடிந்து வளாகத்தில் ஏலம். வருஷா வருஷம் நடக்கிறதுதான். சேனை, மரச்சீனிக் கிழங்கு, சேவல், கேக், வாழைக்குலை எல்லாம் காணிக்கையாக வரும். சத்தியதாஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பெயர் சொல்லிச் சீண்டி விலையை ஏற்றுவார். ஒரு கோழிமுட்டை மோதிர விலைக்குப் போகும். சபைக் கட்டட நிதிக்கு. அந்தச் சீண்டலுக்கு ரோஷப்பட்டால் நீ மனுஷியே இல்லை.

ஒரு நேந்திரன் குலையில் இரட்டைப் பழம் ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தது, தின்றால் இரட்டைப் பிள்ளை என்பார்களே, அது. அதைத் தனியே பிய்த்து, உயரே தூக்கிக் காட்டினார் சத்தியதாஸ். "ஒண்ணுல ரெண்டு! இது ஆருக்கு வேணும்?" கூட்டம் சிரித்தது. வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கும் மஹேஷ் முதலில் கேட்டான். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம், விளையாட்டுக்குக் கேட்டான். யாரோ ஏற்றினார்கள். மஹேஷ் ஏற்றினான். மறுபடி ஏற்றினார்கள். ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

அஜீஷ். என் அஜீஷ் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். விளையாட்டாக இல்லை. நெற்றியில் வேர்வை. மஹேஷே கடைசியில் கும்பிட்டுப் பின்வாங்கிவிட்டான். என்ன விலைக்கு எடுத்தார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

சத்தியதாஸுக்கு ஒரே சந்தோஷம். "தம்பி அஜீஷ், ஆகஸ்ட் மாசம் நீ என் வீட்டுக்கு வந்து, எங்களுக்காக ஜெபிக்கணும்னு கண்ணு நெறஞ்சு சொன்னியே, நானும் ரெண்டு மாசம் தனியா ஜெபிச்சுட்டுத்தானே பட்டியல்ல ஏத்தினேன், அப்பமே நெனச்சேன். இந்த வருஷப் பழம் உனக்குத்தான்!"

மைக்கில். ஆகஸ்ட் மாசம். கண் நிறைந்து.

எல்லோரும் கை தட்டினார்கள். அஜீஷ் பழத்தோடு பெண்கள் பக்கம் நடந்து வந்தான். என் முன்னால் நீட்டினான். "வாங்கித் தின்னு மக்களே" என்று பின்னாலிருந்து யாரோ என் முதுகைத் தள்ளினார்கள். அவன் கண்ணைப் பார்த்தேன். அந்தக் குச்சியை ஜன்னலில் திருப்பித் திருப்பிப் பார்த்த அதே கண். அது பயமில்லை. ஆசை. எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது.

பழத்தை வாங்கினேன். நேரே நடந்து போய் ஏல மேசையில் வைத்தேன். "மறு ஏலம்" என்றேன்.

அதுவும் எங்கள் வழக்கம்தான். எடுத்த பொருளைத் திரும்பச் சபைக்கே கொடுத்தால் மறுபடி ஏலம் விடுவார்கள், கூட்டம் கை தட்டும். இன்றைக்கு ஒரு கை தட்டவில்லை. சத்தியதாஸ் மைக்கை வாயருகே கொண்டுபோனார், எடுத்தார். ஒருவர் கேட்கவில்லை. பிள்ளையில்லாதவள் திருப்பிக் கொடுத்த இரட்டைப் பழத்தை எவன் வீட்டுக்குக் கொண்டுபோவான்? நான் அங்கேயே நின்றேன். போகமாட்டேன் என்று நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "பத்து ரூவா."

மாமி. அறுபத்தி மூன்று வயது விதவை. இடுப்பு முடிச்சிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள், பழத்தை எடுத்தாள், உரித்தாள், அங்கேயே நின்று இரண்டையும் தின்றாள். சபை முழுக்க வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. தோலைச் சத்தியதாஸ் கையில் கொடுத்துவிட்டு, "பசிச்சுது" என்றாள்.

18 நவம்பர், திங்கள்

ராத்திரியெல்லாம் சண்டை. அவனை முதல் தடவையாக "நீ" என்றேன்.

"நீதான் சொன்னியா? சொல்லிட்டு, உங்கம்மா மேல நான் பாய்ஞ்சப்ப பாத்துட்டு நின்னியா? ஒரு மாசத்துக்கு மேல?"

அவன் அழுதான். அவன் அப்பா அவனைப் பெற்றபோது நாற்பது தாண்டிவிட்டதாம், இவன் ப்ளஸ் ஒன் படிக்கும்போது செத்துப் போனாராம். "எனக்கு முப்பத்தஞ்சாச்சு ஷிஜி. எம்பிள்ளை காலேஜ் போறதை நான் பாக்கவேண்டாமா? அன்னைக்கு சம்மதம்னு சொன்னேன். மனசு மாறக்கூடாதா?"

மாறலாம். யாருக்கும் மாறலாம். அந்தப் பயம் நிஜம்தான், நான் கேட்டிருப்பேன். என்னிடம் வந்து சொல்லியிருந்தால் ஜனவரி வரைக்கும் பொறு என்றிருப்பேன், சேர்ந்து அழுதிருப்பேன், ஏதோ செய்திருப்பேன். கர்த்தரிடம் சொன்னான், சத்தியதாஸிடம் சொன்னான், சபையில் இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் சொன்னான். பெறவேண்டியவளிடம் சொல்லவில்லை.

"உன்கிட்ட கேட்டா வேண்டாம்னு சொல்லுவே" என்றான்.

"பின்ன? அதுக்குத்தானே கேக்குறது!"

அப்புறம் நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாமோ. "செப்டம்பர்ல மறந்துட்டேன்னு சொன்னியே. மறந்தியா?"

போர்வையை மடிக்க ஆரம்பித்தான்.

"அஜீஷ். மறந்தியா?"

"ஒண்ணு நடந்துட்டா நீயே சம்மதிச்சுருவேன்னு நெனச்சேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

தலையணையை எடுத்துக்கொண்டு மாமி அறைக்குப் போனேன். மாமி விளக்கைப் போடாமலே, "அந்த ஓரத்துல படு. உன் காலு என்மேல படப்பிடாது" என்றாள்.

25 நவம்பர், திங்கள்

மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டுக்கோ, நீ எனக்குப் பிடிச்ச மருமவ ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தாள். எனக்கு வாய் நீளமாம். பிள்ளையை மனுஷி காலாகாலத்தில் பெறவேண்டுமாம். குதிப்பது அசிங்கமாம். "ஆனா எம்மோன் செய்தது திருட்டு. கட்டுனவகிட்டயே திருட்டு. அந்தப் பழியையும் கொண்டுவந்து என் தலையில வச்சான். அதைப் பொறுக்கமாட்டேன்."

சாயங்காலம் நான் குதிக்கும்போது வாளியோடு வந்தாள். நான் நின்றுவிட்டேன். அவள் செடிக்குத்தான் ஊற்றினாள்.

19 டிசம்பர், வியாழன்

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அஜீஷ் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஓடுகிற ஷூ வாங்கி வந்து வாசலில் வைத்திருக்கிறான். நல்ல ஷூதான். பழையதிலேயே ஓடுவேன்.

22 ஜனவரி 2025, புதன்

தேறினேன். தேறினேன். தேறினேன்.

அஜீஷ் லீவு போட்டுக்கொண்டு கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். விடியற்காலை வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு மாமி நிற்கிறாள். பஸ் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். இந்தக் கால்சட்டையில் எப்படி ஆண்பிள்ளைகள் நடுவில் போவாய், கறுத்துப் போவாய், புலி பிடித்தால் யார் பதில் சொல்வது. மைதானத்துக்கு வெளியே என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கயிறு தாண்டல்தான் பயமாக இருந்தது. துவைகல் பக்கத்துச் சிமெண்டுத் தரையை நினைத்துக்கொண்டு தாண்டினேன். லிபியும் தேறிவிட்டாள். அவள் பெண் வந்து என் வேர்வையை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பிஞ்சு மூக்கைப் பிடித்துக் கிள்ள ஆசையாகவும் இருந்தது. இருந்தது என்றுதான் எழுதுகிறேன். அது என் ஆசை, யாரும் அதைக் கொண்டுபோய் மைக்கில் சொல்லவேண்டாம்.

6 ஏப்ரல், ஞாயிறு

அஜீஷ் இன்று கேட்டான், நேராக, முகத்தைப் பார்த்து. "பயிற்சி கழிஞ்சு வந்தா நமக்கு யோசிக்கலாமா?" போன ஆகஸ்டில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. பிள்ளையைப் பற்றித் தெரியாததல்ல. அவனைப் பற்றி.

3 ஆகஸ்ட், ஞாயிறு

நாளை காலை பயிற்சிக்குப் போகிறேன். அதுவும் ஏறக்குறைய ஒன்பது மாதம்தான். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தாகிவிட்டது.

போகுமுன் ஒரு தடவை கோயிலுக்கு வா என்று மாமி விடவில்லை. மாதக்கணக்கில் போகாத இடம். பெயர் இன்னும் பட்டியலில்தான் இருக்கும், அந்த இடம் வரும்போது எழுந்து வெளியே போய்விடுவது என்று வாசல் பக்கம் உட்கார்ந்தேன். அஜீஷ் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில்.

சத்தியதாஸ் ஆரம்பித்தார். டயாலிசிஸ் செய்கிறவருக்காக. ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்காக. நான் கைப்பையைத் தோளில் மாட்டினேன். "வனத்துறைப் பயிற்சிக்குப் புறப்படும் சகோதரி ஷிஜிக்காக" என்றார். கர்ப்பம் இல்லை, கனி இல்லை. எழப்போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் இரண்டு மூன்று பெயர் போயிற்று. யாருக்கோ கடன், யாருக்கோ கண் ஆபரேஷன். அப்புறம் தனியாக, கடைசியாக: "மனசமாதானத்துக்காக, சகோதரன் அஜீஷுக்காக."

தம்பதி என்ற சொல் வரவில்லை. சபை இரண்டுக்கும் ஆமென் சொன்னது. அஜீஷ் தலை குனிந்திருந்தது. நான் மாமியைப் பார்த்தேன்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள் மாமி, கண்ணை மூடியபடியே. "சொன்னா சொன்னேன்னு சொல்லுவேன்."

வீட்டுக்கு வந்து, தாண்டுகிற கயிற்றைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.